புழுதியில் விதைக்கும் துணிச்சல்

நிலக்கடலையும் ஆழ்துளைக் கிணறும் மாறி மாறிக் கைவிட்ட சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் மழையை மட்டும் நம்பி ஓர் இயற்கை விவசாயச் சோதனை. மண் ஒத்துழைக்கிறது. கணக்குதான் இன்னும் நேராகவில்லை.

மே மாதத்தில் சித்தூரிலிருந்து பாகாலா, சந்திரகிரி வழியாகத் திருப்பதிக்குப் போகிறவர்கள் கண்ணில் பச்சை என்று படுவது மாந்தோப்புகள் மட்டும்தான். மற்ற நிலமெல்லாம் செம்மண் பொடி. காற்றடித்தால் எழுந்து முகத்தில் அப்பும். விவரமுள்ள விவசாயி இந்த நாட்களில் கலப்பையைத் தொடமாட்டார். ஜூன் கடைசியில் ஒரு நல்ல மழை பெய்யட்டும், பார்க்கலாம் என்று திண்ணையில் உட்கார்ந்திருப்பார்.

சில ஆண்டுகளாக இந்த வட்டாரத்தில் வேறொரு காட்சியும் உண்டு. ஒரு குடும்பம் காய்ந்த நிலத்தில் இறங்கி, கம்பு, சோளம், தினை, சாமை, பச்சைப் பயறு, உளுந்து, காராமணி, கொள்ளு, எள், ஆமணக்கு, கொத்தவரை, புளிச்ச கீரை என்று இருபது வகை விதையைக் கலந்து தூவுகிறது. மேலே வைக்கோலையும் இலைதழையையும் பரப்பிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறது. வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. விதைத்ததெல்லாம் எறும்புக்குத் தீனி என்று அக்கம்பக்கத்தில் சிரிப்பதில் வியப்பில்லை.

அரசுக் காகிதங்களில் இதற்குப் பெயர் பருவமழைக்கு முந்தைய உலர் விதைப்பு. ஆந்திர அரசின் ரைது சாதிகார சம்ஸ்தா என்ற நிறுவனம் 2016 முதல் நடத்திவரும் இயற்கை விவசாயத் திட்டத்தின் ஒரு பகுதி இது. 2018 வாக்கில் அனந்தபூர் பகுதியில் தொடங்கி ராயலசீமா முழுவதும் பரவியது. தமிழ்நாட்டு மானாவாரிக்காரர்களுக்கு இதில் பாதி பழைய சங்கதி. ராமநாதபுரத்தில் நெல்லைப் புழுதியில் விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருப்பது தலைமுறை வழக்கம். கோவில்பட்டியில் 1901 முதல் இருக்கும் ஆராய்ச்சி நிலையமும் கரிசலில் மழைக்கு முன்பே விதைப்பதைப் பரிந்துரைத்து வந்திருக்கிறது. அதே கோவில்பட்டியில் வேலை பார்த்த ஒரு இளம் விவசாயப் பட்டதாரி, மழையை நம்பும் ஏழை விவசாயிக்கு ரசாயன உரச் சோதனைகளால் பயனில்லை என்று 1969-ல் வேலையை விட்டார். அவர்தான் நம்மாழ்வார்.

சித்தூரின் கதை வேறு. இங்கே பயிர் என்றால் நிலக்கடலை. வட ஆற்காட்டில் மல்லாக்கொட்டை என்பார்களே, அதுதான். 1911-ல் சித்தூர் மாவட்டம் உருவானபோது அதன் ஒரு பகுதி வட ஆற்காட்டிலிருந்துதான் வந்தது. 1960-ல் திருத்தணி மட்டும் சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. எல்லை மாறியதே தவிர மண்ணும் பயிரும் பேச்சும் இரண்டு பக்கமும் ஒன்றுதான். திண்டிவனம் ஆராய்ச்சி நிலையம் 1940-ல் வெளியிட்ட டி.எம்.வி.-2 ரகக் கடலை, ராயலசீமாவின் செம்மண்ணைப் பல பத்தாண்டுகள் ஆண்டது. அதற்கு முன்பு வரகு, சாமை, தினை, கேழ்வரகு என்று தட்டில் இருந்தவையெல்லாம் நிலத்திலிருந்து ஒதுங்கின. கேழ்வரகு மட்டும் ராகி சங்கடியாகத் தப்பித்தது. அதற்கும் நாட்டுக்கோழிக் குழம்புக்கும்தான் நன்றி சொல்ல வேண்டும்.

கடலை காசு கொடுத்தது. சூதாட்டத்தையும் கூடவே கொடுத்தது. பழைய சித்தூர் மாவட்டத்தின் சராசரி மழை ஆண்டுக்குச் சுமார் 900 மில்லிமீட்டர். (2022 ஏப்ரலில் அந்த மாவட்டம் சித்தூர், திருப்பதி, அன்னமய்யா மாவட்டங்களாகப் பிரிந்தது.) காகிதத்தில் 900 குறைவில்லை. ஆனால் அது தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவங்களில் ஏறக்குறைய சரிபாதியாகப் பிரிந்து வருகிறது. நடுவில் மூன்று வாரம், நாலு வாரம் என்று வெயில் காயும். ஜூலையில் விதைத்த கடலை ஒரு மாதத்துக்குள் பூக்கும். பூவிலிருந்து இறங்கும் விழுது மண்ணைத் துளைத்து உள்ளே போனால்தான் காய். அந்தச் சமயத்தில் மண் இறுகிக் கிடந்தால் செடி பச்சையாக நிற்கும், காய் இருக்காது. பயிர் காப்பாற்றப்பட்டதா, போய்விட்டதா என்பது அறுவடை நாளில்தான் தெரியும். ஏக்கருக்கு 50, 60 கிலோ பருப்பை விதையாகக் காசு கொடுத்து வாங்கிப் போட்டவருக்கு இதைவிடக் கொடுமை வேண்டாம்.

மழை கைவிட்டபோது விவசாயி பூமியைத் தோண்டினார். திறந்த கிணறு வற்றியது. ஆழ்துளைக் கிணறு வந்தது. மாவட்டத்தின் மேற்கில் மதனப்பள்ளிப் பக்கம் ஆயிரம் அடியைத் தாண்டியும் துளை போட்டார்கள். தண்ணீர் கிடைத்தால் தக்காளி, கிடைக்காவிட்டால் கடன். அரசாங்கமும் அந்தத் திசையில்தான் கனவு கண்டது. 1990-களின் பிற்பகுதியில் சந்திரபாபு நாயுடு தன் தொகுதியான குப்பத்தில் இஸ்ரேலிய நுட்பத்துடன் ஒரு மாதிரிப் பண்ணையைக் கொண்டுவந்தார். சொட்டு நீர்க் குழாய், கணினிக் கட்டுப்பாடு, ஏற்றுமதிக் காய்கறி என்று பார்க்கப் பிரமாதமாக இருந்தது. சிறு விவசாயி தன் கைக்காசில் நடத்தக்கூடியதா என்ற கேள்வி மட்டும் அப்போதே எழுந்தது. பக்கத்து வறண்ட நிலம் அதைப் பார்த்து மாறிவிடவில்லை. ஹந்திரி-நீவா கால்வாய் வழியாகக் கிருஷ்ணா நீர் குப்பத்தை எட்ட 2025 ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கால்வாய்க்கு மேட்டில் இருக்கும் நிலத்துக்கு அதுவும் இல்லை.

இயற்கை விவசாயச் சோதனை இந்த மேட்டு நிலத்துக்கானது. அதன் அடிப்படை மிக எளிய கணக்கு. ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் சுமார் 4,000 லிட்டர். ஆண்டு மழை 900 மில்லிமீட்டர் என்றால் ஏக்கருக்கு 36 லட்சம் லிட்டர். எந்த ஆழ்துளைக் கிணறும் ஒரு மானாவாரி ஏக்கருக்கு இவ்வளவு கொடுக்கப் போவதில்லை. இதில் பெரும்பகுதி ஓடையில் ஓடுகிறது அல்லது சூடான வெறும் மண்ணிலிருந்து ஆவியாகிப் போகிறது. ஓடுவதையும் ஆவியாவதையும் குறைத்தால் மழை அதிகமானதற்குச் சமம்.

இரண்டு, மூன்று ஏக்கர் வைத்திருக்கும் குடும்பம் இதை எப்படிச் செய்கிறது? விதைகளைக் களிமண், சாம்பல், சாணக் கரைசலில் புரட்டி உலர்த்துகிறார்கள். எறும்பும் பறவையும் வெயிலும் விதையை எளிதில் தொடாதபடி அது ஒரு கவசம். விதையை மண் உருண்டைக்குள் வைக்கும் உத்தியை உலகம் முழுக்கப் பிரபலமாக்கியவர் ஜப்பானின் மசனோபு ஃபுகுவோகா. அவருடைய ஷிகோகு தீவில் மழைக்குப் பஞ்சமில்லை என்பதால் அவரை அப்படியே காப்பியடிக்க முடியாது. ஏப்ரல், மே கோடை மழை 20 மில்லிமீட்டர் பெய்தாலும் போதும், ஏக்கருக்கு 80,000 லிட்டர். வைக்கோலுக்கு அடியில் அந்த ஈரம் சில நாட்கள் தங்கும். முதலில் கம்பும் காராமணியும் தலைநீட்டுகின்றன. ஒன்று காய்ந்தால் இன்னொன்று பிழைக்கட்டும் என்பதுதான் இருபது வகை போடுவதன் சூட்சுமம். நம் ஊர் இயற்கை விவசாயிகள் செய்யும் பலதானிய விதைப்புக்கும் இதற்கும் உறவு நெருக்கம்.

ஜூலையில் பருவ மழை வரும்போது நிலம் வெறுமையாக இல்லை. முளைத்ததில் கீரையும் காயும் கொஞ்சம் வீட்டுக்கு, கொஞ்சம் மாட்டுக்கு. மீதியை மடக்கி மூடாக்காகப் போட்டுவிட்டுக் கடலையை விதைக்கிறார்கள். கடலைக்குள் துவரை வரிசை, வரப்பில் ஆமணக்கு. கடலையை அக்டோபர், நவம்பரில் பிடுங்கிய பிறகும் துவரை நிற்கிறது. ஜனவரி வரை நிலத்தில் வேர் இருக்கிறது. ஆண்டில் 365 நாளும் நிலத்தில் ஏதாவது பச்சை இருக்க வேண்டும் என்பது திட்டத்தின் இலக்கு. காற்றில் இருக்கும் ஈரத்தையே பயிர் உறிஞ்சி வாழ்கிறது என்ற அளவுக்குச் சில பிரசாரகர்கள் போகிறார்கள். அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. நிழலில் இருக்கும் மண் சூடாவதில்லை, சூடாகாத மண் ஈரத்தை விடுவதில்லை. களத்தில் தெரிவதை விளக்க இதுவே போதும்.

கேட்க எளிதாக இருக்கிறது. சிக்கல் வைக்கோலில் தொடங்குகிறது. ஒரு ஏக்கரை ஒழுங்காக மூடுவதற்கு டன் கணக்கில் தழை வேண்டும். சித்தூரோ பால் மாவட்டம். ஆண்டு முழுவதும் பயிரைவிடப் பால்தான் பல வீடுகளுக்குக் கையிருப்பு. கடலைக்கொடி ஒரு கட்டுகூட மாட்டுக்குப் போகாமல் நிலத்துக்குப் போகாது. ஆகவே மாவிலை, கரும்புச் சோகை, புங்கன் தழை, வேலியோரக் கிளைரிசிடியா என்று தேட வேண்டியிருக்கிறது. அடுத்த தொல்லை ஆடு. மே மாதத்தில் ஊரிலேயே ஒரே ஒரு துண்டு நிலம் பச்சையாக இருந்தால் ஊர் மந்தை வேறு எங்கே போகும்? கோடையில் நிலத்தைப் பொதுவாக மேய விடுவது பழைய வழக்கம். ஒருவர் மட்டும் வேலி கட்டுவது செலவு, விரோதமும்கூட. ஊரில் பத்துப் பேராவது சேர்ந்து விதைத்தால்தான் இது நடக்கும். திட்டம் பெண்கள் சுயஉதவிக் குழுக்கள் வழியாக நடத்தப்படுவதன் லாபம் இங்கேதான் தெரிகிறது. இரவில் பன்றி வருவதற்கோ, பலமனேர், குப்பம் காட்டோரத்தில் யானை வருவதற்கோ எந்தக் குழுவிடமும் பதில் இல்லை.

பசு விவகாரம் இன்னும் சுவாரஸ்யமானது. திட்டம் முதலில் மகாராஷ்டிரத்தின் சுபாஷ் பலேக்கர் சொன்ன 'ஜீரோ பட்ஜெட்' முறையாகத்தான் தொடங்கியது. பலேக்கருக்கு 2016-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. 10 கிலோ சாணம், சில லிட்டர் கோமியம், வெல்லம், பயறு மாவு, ஒரு பிடி மண், 200 லிட்டர் தண்ணீர். இதை இரண்டு நாள் ஊறவைத்தால் ஒரு ஏக்கருக்கு ஜீவாமிர்தம். சாணம் நாட்டுப் பசுவினுடையதாக இருக்க வேண்டும் என்பது பலேக்கரின் கண்டிப்பான நிபந்தனை. சித்தூர் தொழுவங்களில் நிற்பதோ பெரும்பாலும் ஜெர்ஸி, ஹோல்ஸ்டீன் கலப்பினம். வேடிக்கை என்னவென்றால், நாட்டு மாட்டிலேயே மிகக் குட்டையான இனங்களில் ஒன்றான புங்கனூர்ப் பசு இந்த மண்ணுக்குச் சொந்தம். குறைந்த தீனி, வறட்சியைத் தாங்கும் உடம்பு. சொந்த ஊரில் அருகிப்போய்ப் பலமனேர் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் காப்பாற்றப்பட்ட அந்த இனத்துக்கு இப்போது மவுசு. 2024 பொங்கலுக்குப் பிரதமர் மோடி தன் டெல்லி வீட்டில் தீனி கொடுத்ததும் புங்கனூர்ப் பசுக்களுக்குத்தான். பணக்காரர்கள் வாங்கிப் பண்ணை வீட்டில் வளர்க்கும் விலைக்கு அது போய்விட்டதால் இரண்டு ஏக்கர்க்காரருக்கு எட்டாது. கலப்பினச் சாணமே வாளிக்குள் போகிறது. பயிர் இதுவரை வித்தியாசம் பார்த்ததாகத் தெரியவில்லை.

விஞ்ஞானிகளின் சந்தேகம் சாணத்தின் குலத்தைப் பற்றியது அல்ல, அளவைப் பற்றியது. 10 கிலோ சாணத்தில் உள்ள தழைச்சத்து சில பத்து கிராம்தான். ஒரு நெல் வயலுக்கு இது எந்த மூலைக்கு? 2019-ல் மத்திய பட்ஜெட் உரையில் ஜீரோ பட்ஜெட் விவசாயம் இடம்பெற்றதும், தேசிய விவசாய விஞ்ஞானங்கள் அகாதெமி அதை நிரூபிக்கப்படாத முறை என்று சொல்லி அரசு ஊக்குவிக்க வேண்டாம் என்று எச்சரித்தது. கேள்வி நியாயமானது. அதே சமயம் சித்தூர்க் கடலைக்கு அது அவ்வளவாகப் பொருந்தாது. கடலையும் துவரையும் கொள்ளும் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தில் பெரும்பங்கைக் காற்றிலிருந்தே வேர் முடிச்சுகளில் சேர்த்துக்கொள்கின்றன. மானாவாரிக் கடலைக்கு உரச் சிபாரிசே குறைவு. இங்கே முதல் பஞ்சம் ஈரத்துக்கு. ஆந்திர விவசாயிகளின் வயல்களில் பிரிட்டனின் ரீடிங் பல்கலைக்கழகத்தினர் பங்கேற்ற ஒப்பீட்டுச் சோதனைகளில் இயற்கை முறை விளைச்சலில் பின்தங்கவில்லை. மூடாக்கின் கீழ் மண் குளிர்ந்து ஈரம் தங்கியதை ஒரு காரணமாக அவர்கள் காட்டினார்கள். கேழ்வரகுக்கோ கரும்புக்கோ அதே பதிலைச் சொல்லிவிட முடியாது. கடலையிலும் ஒரு பாக்கி இருக்கிறது. காய் திரள்வதற்குச் சுண்ணாம்பும் கந்தகமும் வேண்டும் என்பதால் பூக்கும் பருவத்தில் ஜிப்சம் போடச் சொல்வது விவசாயத் துறையின் வழக்கம். ஜீவாமிர்தம் அந்த இடத்தை நிரப்பும் என்று நம்புவது கஷ்டம். ஜிப்சம் பூமியிலிருந்து வெட்டும் தாது. பிடிவாதத்தைத் தளர்த்தினால் கெட்டுப்போவது ஒன்றுமில்லை.

பிடிவாதம் தளர்ந்துதான் வருகிறது. 'ஜீரோ பட்ஜெட்' என்ற சொல்லை ஆந்திரம் கைவிட்டுவிட்டது. இப்போது பெயர் சமூக நிர்வாக இயற்கை விவசாயம். திட்டத்தை வழிநடத்துபவர் ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி டி. விஜய் குமார். ஆந்திரத்தின் சுயஉதவிக் குழுக்களையும் பூச்சிமருந்தில்லா விவசாயத்தையும் வளர்த்தவர் என்பதால் குருவின் வாக்கைவிட ஊர்க்குழுவின் அனுபவத்தை அவர் நம்புகிறார். இலக்கு விஷயத்தில்தான் அரசு கைக்கு மீறிப் பேசியது. 2018 ஜூனில் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பும் சேர்ந்து செய்த அறிவிப்பின்படி 2024-க்குள் 60 லட்சம் விவசாயிகளும் 80 லட்சம் ஹெக்டேரும் மாறியிருக்க வேண்டும். 2024 ஜூலையில் போர்ச்சுகலின் குல்பென்கியான் பரிசை இந்தத் திட்டம் இன்னும் இருவருடன் பகிர்ந்துகொண்டபோது சொல்லப்பட்ட எண்ணிக்கை 10 லட்சம் விவசாயிகளும் 5 லட்சம் ஹெக்டேரும். இலக்கை வைத்துப் பார்த்தால் தோல்வி. ஒரு மாநிலத்தில் 10 லட்சம் குடும்பங்கள் ஏதோ ஒரு அளவிலாவது உரக்கடைக்குப் போவதைக் குறைத்தன என்று பார்த்தால், உலகில் வேறெங்கும் இவ்வளவு பெரிதாக நடந்ததில்லை. 2021-ல் ஒரே உத்தரவில் ரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்த இலங்கை, சில மாதங்களில் விளைச்சலும் விவசாயியும் எதிர்த்து எழ, நவம்பரில் பின்வாங்கியது. அந்த அவசரத்தை ஆந்திரம் செய்யவில்லை. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை 2,481 கோடி ரூபாயில் தேசிய இயற்கை விவசாய இயக்கத்துக்கு ஒப்புதல் கொடுத்தபோது ஆந்திர அனுபவம் முன்னால் இருந்தது.

விற்பனைக்கு வருவோம். திருப்பதியில் இதற்குப் பெரிய வாடிக்கையாளர் ஏழுமலையான். 2021 மே முதல் திருமலையில் சுவாமிக்கு நைவேத்தியம் நாட்டுப் பசு சார்ந்த இயற்கை விவசாய விளைபொருளில் தயாராகத் தொடங்கியது. பிறகு தேவஸ்தானம் பிரசாதத்துக்கும் அன்னதானத்துக்கும் இத்தகைய பொருட்களை மாநிலத்தின் விவசாயிகளிடமிருந்து வாங்க ஏற்பாடு செய்தது. லட்டுக்கு வேண்டியது கடலைமாவு. அந்தக் கொண்டைக்கடலை விளைவதோ கர்நூல், பிரகாசம் பக்கத்துக் கரிசலில். மலையடிவாரத்துச் செம்மண் விவசாயியிடம் இருப்பது நிலக்கடலையும் கொள்ளும் சிறுதானியமும். சுவாமியின் கொள்முதல் அவரைத் தாண்டிப் போகிறது.

கடலையில் வெறுத்துப்போனவர்கள் ஏற்கெனவே மாவுக்கு மாறிவிட்டார்கள். மாமரம் மழையை நம்பி நிற்கும், ஆண்டுதோறும் விதை கேட்காது. அது பாதுகாப்பான வழி என்றுதான் தோன்றியது. 2025 ஜூனில் சித்தூரின் தோத்தாபுரி (நம் பெங்களூரா, கிளிமூக்கு) விலை சரிந்து, கூழ் ஆலைகளின் வாசலில் டிராக்டர்கள் நாள் கணக்கில் நின்றன. ஆலை 8 ரூபாயும் அரசு 4 ரூபாயும் சேர்த்துக் கிலோவுக்கு 12 ரூபாய் என்று அறிவிக்க வேண்டி வந்தது. நிலம் முழுவதும் ஒரே பயிர் என்பது மரமானாலும் செடியானாலும் சூதாட்டம்தான் என்று அந்த ஜூன் காட்டியது. இளம் தோப்பில் மரங்களுக்கு நடுவே தானியமும் பயறும் விதைத்தவருக்குக் குறைந்தபட்சம் வீட்டுச் சாப்பாடு மிஞ்சியது.

இவ்வளவும் நிலம் உள்ளவர் கதை. மழை பொய்த்தால் முதலில் வேலை இழப்பவர் நிலமில்லாதவர். பாகாலா அருகே பாலகுட்டப்பள்ளி தலித்வாடாவில் தொடர்ந்த வறட்சியில் கடலை வேலை அற்றுப்போனபோது பெண்கள் துணிப்பை தைக்க உட்கார்ந்தார்கள். அந்தப் பைகள் இன்று பெரு நகரங்களுக்குப் போகின்றன. இயற்கை விவசாயம் களையெடுப்பையும் உரச் செலவையும் குறைக்கிறது என்று பெருமைப்படும்போது, குறைந்த களையெடுப்பு யாருடைய கூலி என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். குத்தகைக்காரர் நிலையும் அதேதான். மண் தேறுவதற்கு மூன்று, நான்கு ஆண்டு வேண்டும். வாய்மொழிக் குத்தகை ஓராண்டுக்கு. தேறிய மண்ணை நில உரிமையாளர் திரும்ப எடுத்துக்கொள்வதைத் தடுக்கக் குத்தகைக்காரர் கையில் காகிதம் எதுவுமில்லை. திட்டத்தின் பலவீனமான இடம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் ஜீவாமிர்தத்துக்கு முன்னால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

வறட்சி மட்டுமே இந்தப் பக்கத்துப் பிரச்சினை என்பதும் பழைய பாடம். 2021 நவம்பரில் திருப்பதி வெள்ளத்தில் மிதந்தது. அருகே விஜயநகரக் காலத்து ராயலச்செருவு ஏரியின் கரையில் கசிவு கண்டு, கீழே இருந்த ஊர்களைக் காலிசெய்யச் சொன்னார்கள். ஒரே மாதத்தில் கொட்டிய மழையை எந்த மூடாக்கும் முழுசாகப் பிடித்துவைக்காது. அறுவடை நேரத்துக் கடலை நிலத்துக்குள்ளேயே முளைத்தது என்றால் அதற்கு இயற்கை, ரசாயனம் என்ற பேதமில்லை. வெறும் மண்ணும் மூடிய மண்ணும் வேறுபடுவது வெள்ளம் வடிந்த பிறகு. ஒன்றில் மேல்மண் ஓடைக்குப் போயிருக்கும். இன்னொன்றில் ஈரம் வாரக்கணக்கில் இருக்கும்.

அந்த ஈரத்தில் போட வேண்டியது கொள்ளு. கடலை தவறிய ஆண்டில் அக்டோபர், நவம்பரில் கொள்ளு விதைப்பது ராயலசீமாவின் பழைய மாற்று ஏற்பாடு. வடகிழக்கு மழையின் கடைசித் தூறலிலும் பனியிலும் அது தன்னைப் பார்த்துக்கொள்ளும். பிப்ரவரியில் அடித்துத் தூற்றி, சாம்பல் கலந்து பானையில் கட்டிவைக்கிறார்கள். அடுத்த மே மாதப் புழுதிக்கான இருபது விதைகளில் முதல் விதை அது. மற்ற பத்தொன்பதையும் வீட்டிலேயே எடுத்துவைத்தவர் குறைவு. பல ஊர்களில் கலவை விதைப் பொட்டலத்தை இன்னும் காசு கொடுத்துத்தான் வாங்குகிறார்கள்.